ஆழ்கடல் வெந்நீர் ஊற்று: நீரின் வேதியியலிலிருந்து நுண்ணுயிர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கடலடியில் கொதிநீர் பீறிடும் ஊற்றுகளைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை அங்கு வாழும் விநோத விலங்குகளை வர்ணிப்பதோடு நின்றுவிடுகின்றன. கடல் அறிவியலோ நுண்ணுயிரியலோ முதுநிலையில் படிப்பவருக்கு அது போதாது. ஓர் ஊற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதில் தொடங்கி, அதன் நீரை எடுத்துப் பகுப்பாய்ந்து, அங்கு வாழும் நுண்ணுயிரை ஆய்வகத்தில் வளர்த்தெடுப்பது வரை ஒவ்வொரு படியும் எதற்காகச் செய்யப்படுகிறது என்பதை விளக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். முதலில் நீரைப் படிக்க வேண்டும், உயிரைப் பிறகு பார்க்கலாம் என்பதே இதன் அடிப்படை நிலைப்பாடு. ஊற்றுநீரில் என்ன கரைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அங்கு யார் வாழக்கூடும் என்பதில் பாதி விடை கைக்கு வந்துவிடும்.

எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் இந்தியப் பெருங்கடலின் கைரெய் ஊற்றுத்தொகுதியையே பயன்படுத்துகிறேன். ஆப்பிரிக்க, ஆஸ்திரேலிய, அண்டார்டிக் புவித்தட்டுகள் சந்திக்கும் ரோட்ரிக்ஸ் முச்சந்திக்கு அருகில், ஏறத்தாழ 2,450 மீட்டர் ஆழத்தில் இருக்கும் இந்தத் தொகுதியை ஜப்பானியர்கள் கைகோ என்னும் தொலைஇயக்கக் கருவியின் உதவியோடு 2000-இல் கண்டறிந்தார்கள். 122 டிகிரி செல்சியஸில் வளரும் உயிர் கிடைத்தது இங்கேதான்.

படி 1: நீர் கடந்து வந்த பாதையைப் புரிந்துகொள்ளுங்கள்

களப்பணிக்கு முன் காகிதத்தில் செய்ய வேண்டிய வேலை இது. நடுக்கடல் முகடுகளில் புவித்தட்டுகள் விலகும் இடத்தில் பாறை விரிசல்கள் வழியே கடல்நீர் கீழே இறங்குகிறது. அது சூடாகும்போது முதலில் ஆக்சிஜனை இழக்கிறது. ஏறத்தாழ 150 டிகிரியைத் தாண்டும்போது, நீரிலுள்ள கால்சியமும் சல்ஃபேட்டும் சேர்ந்து அன்ஹைட்ரைட் என்னும் கனிமமாகப் படிந்துவிடுகின்றன. பெரும்பாலான உப்புகள் சூட்டில் கூடுதலாகக் கரையும். இந்தக் கனிமம் சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். அதே கட்டத்தில் நீரிலுள்ள மக்னீசியத்தைப் பாறை உறிஞ்சிக்கொண்டு களிமண் கனிமங்களாகவும் குளோரைட் என்னும் பச்சைநிறக் கனிமமாகவும் மாறுகிறது. மக்னீசியம் போகும்போது ஹைட்ராக்சில் அயனிகளையும் உடன் கொண்டுபோவதால் ஹைட்ரஜன் அயனிகள் மிஞ்சி நீர் அமிலமாகிறது.

அந்த அமிலநீர் மாக்மா அறைக்கு அருகில் 400 டிகிரியை ஒட்டிய வெப்பத்தை அடையும்போது பாறையிலிருந்து இரும்பு, மாங்கனீஸ், செம்பு, துத்தநாகம் ஆகியவற்றையும் கந்தகத்தையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. மேலே 2,500 மீட்டர் நீரின் எடை ஏறத்தாழ 250 வளிமண்டல அழுத்தத்தைத் தருவதால் 350 டிகிரியிலும் நீர் கொதிப்பதில்லை. ஆனால் அடர்த்தி வெகுவாகக் குறைந்துவிடுவதால் வேகமாக மேலேறி, 2 டிகிரிக் கடல்நீரைச் சந்திக்கிறது. கரைந்திருந்த உலோகங்கள் அந்தக் கணத்தில் சல்ஃபைடுகளாகப் படிவதைத்தான் கரும்புகை என்கிறோம்.

இரண்டு விலக்குகளை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடல்நீரின் மாறுநிலைப் புள்ளி 407 டிகிரி வெப்பம், 298 பார் அழுத்தம். அந்த எல்லையை நெருங்கும் ஊற்றுகளில் நீர், உப்பு குறைந்த ஆவியாகவும் உப்பு மிகுந்த உவர்நீராகவும் பிரிந்துவிடும். அதனால் சில ஊற்றுகளின் குளோரைடு அளவு கடல்நீரில் உள்ளதைவிடக் குறைவாகவும், சிலவற்றில் கூடுதலாகவும் இருக்கும். அடுத்தது பாறையின் வகை. இரும்பும் மக்னீசியமும் கொண்ட ஆலிவின் என்னும் கனிமம் நிறைந்த பாறையோடு நீர் வினைபுரிந்தால் பாறை சர்ப்பென்டைன் என்னும் கனிமமாக மாறும். அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடையும்போது நீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு விடுபடும். அட்லாண்டிக்கில் 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் கண்டறியப்பட்ட லாஸ்ட் சிட்டி இதற்குத் தெளிவான சான்று. அதன் நீர் 40 முதல் 90 டிகிரி வெப்பத்தில், பி.எச். 9 முதல் 11 வரையான காரத்தன்மையோடு வெளிவருகிறது. அங்குள்ள வெண்ணிறக் கோபுரங்கள் கார்பனேட்டாலும், புரூசைட் என்னும் மக்னீசியம் ஹைட்ராக்சைடுக் கனிமத்தாலும் ஆனவை. அவற்றுள் ஒன்று 60 மீட்டர் உயரம். கைரெய், வழக்கமான கரும்புகை ஊற்றுக்கும் லாஸ்ட் சிட்டிக்கும் நடுவே நிற்கிறது. தோற்றத்தில் அது 360 டிகிரியை ஒட்டிய அமிலநீரைக் கக்கும் வழக்கமான கரும்புகை ஊற்று; ஆனால் அருகில் ஆலிவின் மிகுந்த பாறைகள் இருப்பதால் சாதாரண பசால்ட் ஊற்றுகளைவிட அதன் நீரில் ஹைட்ரஜன் மிக அதிகம். இதை மறக்காதீர்கள், ஆறாம் படியில் தேவைப்படும்.

படி 2: புகைத்தடத்தைப் பிடியுங்கள்

ஊற்றைக் கண்ணால் தேடுவது வீண்வேலை. ஊற்றிலிருந்து எழும் சூடான நீர் கடல்நீரோடு கலந்து பல்லாயிரம் மடங்கு நீர்த்துப்போய், பொதுவாகக் கடலடியிலிருந்து சில நூறு மீட்டர் உயரத்தில் அடர்த்தி சமமானதும் பக்கவாட்டில் பரவும். கப்பல் மெதுவாக நகர, உப்புத்தன்மை, வெப்பம், ஆழம் ஆகியவற்றை அளக்கும் கருவியை ஏற்றி இறக்கி இழுத்துச் செல்வது வழக்கம். அதோடு கலங்கல்மானியையும் ஆக்சிஜனேற்ற நிலையை அளக்கும் மின்முனையையும் கட்டாயம் இணைக்க வேண்டும். கலங்கல் மட்டும் உயர்ந்தால் அது கிளறப்பட்ட வண்டலாகவும் இருக்கலாம். மின்முனையின் அளவும் கூடவே சட்டென்று சரிந்தால் ஊற்று அருகில்தான் இருக்கிறது. அந்த ஆழத்தில் எடுத்த நீரில் மாங்கனீஸ், மீத்தேன், ஹீலியம்-3 ஆகியவை மிகுந்திருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஹீலியம்-3 புவியின் மேலோட்டுக்குக் கீழுள்ள மூடகத்திலிருந்து வருவது. உயிர்களோ வண்டலோ அதை உண்டாக்க முடியாது.

இதன் பிறகே தானியங்கி நீர்மூழ்கி கடலடியை ஒட்டிச் சென்று படம் எடுக்கும். சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையமும் சேர்ந்து மத்திய இந்தியப் பெருங்கடல் முகட்டில் 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் ஊற்று ஒன்றைப் படம்பிடித்த செய்தி 2024 டிசம்பரில் வெளியானது. அதுவும் ஆளில்லாத் தானியங்கி நீர்மூழ்கியைக் கொண்டு செய்த வேலைதான்.

படி 3: மாதிரி எடுங்கள், கடல்நீர் கலக்கும் என்று எதிர்பார்த்தே எடுங்கள்

முன்தயாரிப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இத்துறையின் பிறப்பே சான்று. 1977 பிப்ரவரியில் காலாபகோஸ் பிளவில் ஆல்வின் நீர்மூழ்கி முதன்முதலாக ஊற்றுவாழ் உயிர்களைக் கண்டபோது அந்தப் பயணத்தில் உயிரியலாளர் ஒருவரும் இல்லை. போதிய பதப்படுத்தும் திரவமும் இல்லை. கையிருந்த சிறிதளவு ஃபார்மால்டிஹைடு தீர்ந்தபின் சில உயிரினங்களை ரஷ்ய வோட்காவில் போட்டு வைத்தார்கள். 1979-இல் கிழக்குப் பசிபிக் எழுச்சியில், கனிமங்கள் படிந்து குழாய்போல் உயர்ந்த கரும்புகைப் போக்கிகளைக் கண்டபோது வெப்பமானியைத் தாங்கிய பிளாஸ்டிக் பகுதி உருகிவிட்டது. அதற்கேற்ற கருவியோடு திரும்பிச் சென்று அளந்தபோதுதான் நீர் 380 டிகிரியை ஒட்டியது என்று தெரிந்தது. நீர்மூழ்கியின் சாளரங்களும் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தவையே என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த நாளின் ஆபத்து விளங்கும்.

மாதிரிக் குடுவை டைட்டானியத்தால் ஆனதாக இருக்க வேண்டும். சூடான, அமிலமான, குளோரைடு மிகுந்த நீர் எஃகை அரித்துத் தன்னுள் இரும்பைச் சேர்த்துக்கொள்ளும். வாயுக்களை அளப்பதென்றால், கடலடி அழுத்தத்தை மேற்பரப்பு வரை தக்கவைக்கும் வாயுக்கசியாக் குடுவை தேவை. சாதாரணக் குடுவையில் ஏறி வரும் வழியிலேயே ஹைட்ரஜன் நழுவிவிடும். குடுவையின் முனையைப் போக்கியின் வாயில் எவ்வளவு ஆழமாக நுழைக்க முடியுமோ அவ்வளவு நுழைத்து, வெப்பநிலை ஏறி நிலைத்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும். நிரம்பி முடியும் வரை வெப்பநிலையைப் பதிவு செய்யுங்கள். நடுவில் அது சரிந்தால் கடல்நீர் உள்ளே புகுந்திருக்கிறது.

போக்கிச் சுவரின் துண்டு, அதைச் சுற்றிக் கசியும் வெதுவெதுப்பான நீர், ஊற்றின் பாதிப்பில்லாத சுற்றுப்புறக் கடல்நீர் ஆகிய மூன்றும் தனித்தனியே வேண்டும். சுவர்த் துண்டை மூடியுள்ள பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். திறந்த கூடையில் வந்த துண்டில் 2,000 மீட்டர் நீரின் பாக்டீரியாக்களும் ஒட்டிக்கொண்டு வரும்.

படி 4: கப்பல் தளத்தில் முதல் மணி நேரம்

குடுவை மேலே வந்ததும் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். சல்ஃபைடு காற்றுபட்டால் ஆக்சிஜனேற்றம் அடையும் என்பதால், அதற்கான பங்கை உடனே துத்தநாக அசிடேட்டில் சேர்த்துத் துத்தநாக சல்ஃபைடாக நிலைநிறுத்த வேண்டும். ஹைட்ரஜனையும் மீத்தேனையும் வாயு நிறப்பகுப்பியில் கப்பலிலேயே அளப்பது நல்லது. பி.எச்.-ஐ அறை வெப்பநிலையில் உடனே அளக்க வேண்டும். கடலடியில், 350 டிகிரியில், அதன் மதிப்பு வேறாக இருந்திருக்கும் என்பதை அட்டவணையில் குறிப்பிடத் தவறாதீர்கள்.

உலோகங்களுக்கான பங்கை அமிலமாக்கி வைப்பதில் பலர் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். தெளிந்த நீரை ஊற்றி எடுத்தபின் குடுவையைச் சாய்த்துப் பார்த்தால், அடியிலும் சுவரிலும் கரிப்பொடி போன்ற ஒரு படிவம் ஒட்டியிருக்கும். விளக்கொளியில் ஆங்காங்கே பித்தளை நிறத்தில் மின்னும். ஊற்றுநீர் குளிர்ந்தபோது படிந்த இரும்பு, செம்பு, துத்தநாகச் சல்ஃபைடுகள் அவை. அதை வழித்தெடுத்து அடர் அமிலத்தில் கரைத்து, அளவைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஊற்றின் செம்பில் பெரும்பகுதி காணாமற்போய்விடும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு விஷயத்தில் மூக்கை நம்ப வேண்டாம். அழுகிய முட்டை வாடை நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று பொருளல்ல. செறிவு கூடும்போது அது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும். வாயு எச்சரிக்கைக் கருவி சட்டையில் தொங்க வேண்டும்.

படி 5: மக்னீசியத்தைக் கொண்டு கலப்பை நீக்குங்கள்

முழு வழிகாட்டியிலும் கணக்கு என்று இருப்பது இது ஒன்றுதான். இதைக் கற்றுக்கொண்டால் பாதிக் கட்டுரைகளை விமர்சனக் கண்ணோடு படிக்கலாம். கடல்நீரில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 53 மில்லிமோல் மக்னீசியம் இருக்கிறது. பாறைக்குள் முழுமையாகச் சூடேறிய நீரில் அது கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆகவே பால்மானி பாலில் கலந்த தண்ணீரைக் காட்டிக்கொடுப்பதுபோல, மாதிரியில் தென்படும் மக்னீசியம் அதில் எவ்வளவு கடல்நீர் கலந்திருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு கற்பனை மாதிரியில் மக்னீசியம் 10.6 மில்லிமோல் என்று கொள்வோம். அதை 53-ஆல் வகுத்தால் 0.2, அதாவது ஐந்தில் ஒரு பங்கு கடல்நீர். அதே மாதிரியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு 4 மில்லிமோல் என்றால், கடல்நீரில் அது இல்லாததால், 4-ஐ 0.8-ஆல் வகுத்துத் தூய ஊற்றுநீரில் 5 மில்லிமோல் இருந்தது என்று முடிவுசெய்யலாம். குளோரைடு போலக் கடல்நீரிலும் உள்ள பொருளென்றால், கலந்த கடல்நீர் கொண்டுவந்த பங்கை முதலில் கழித்துவிட்டுப் பிறகு வகுக்க வேண்டும். ஒரே ஊற்றின் பல மாதிரிகளை மக்னீசியத்துக்கு எதிரே வரைந்து, நேர்கோடு பூஜ்ய மக்னீசியத்தைத் தொடும் இடத்தைப் படிப்பது இதைவிட நம்பகமானது. கோட்டிலிருந்து விலகும் மாதிரிகளைத் தூக்கி எறிய வேண்டாம். கசிவுநீரில் ஹைட்ரஜனும் சல்ஃபைடும் கோட்டுக்குக் கீழே விழுந்து, மீத்தேன் மேலே ஏறினால், வழியில் நுண்ணுயிர்கள் உண்டிருக்கக்கூடும் என்பதற்கு அது முதல் தடயம்.

படி 6: யாருக்கு என்ன உணவு என்று கணக்கிடுங்கள்

ஊற்றுநீரில் எலக்ட்ரான் தரும் பொருள்கள் உள்ளன: ஹைட்ரஜன், சல்ஃபைடு, மீத்தேன், இரும்பு. கடல்நீரில் எலக்ட்ரான் ஏற்கும் பொருள்கள் உள்ளன: ஆக்சிஜன், நைட்ரேட், சல்ஃபேட். இரண்டும் கலக்கும் விகிதத்தோடு வெப்பநிலையும் மாறும். ஆகவே போக்கிச் சுவரின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் வரை சில சென்டிமீட்டருக்குள் வெவ்வேறு உயிர்களுக்கான இடங்கள் அமைகின்றன.

ஆக்சிஜன் கலக்கும் குளிர்ந்த பகுதியில் சல்ஃபைடை ஆக்சிஜனேற்றுவதே பெரிய வரவு. திட்ட நிலையில் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 800 கிலோஜூல் கிடைக்கும். ஹைட்ரஜனையும் கார்பன் டையாக்சைடையும் கொண்டு மீத்தேன் தயாரிப்பதில் ஒரு மோல் மீத்தேனுக்கு 131 கிலோஜூல்தான். வெப்பநிலை ஏற ஏற அதுவும் குறையும். ஆனால் 80 டிகிரிக்கு மேல், ஆக்சிஜன் எட்டாத சுவரின் உட்பகுதியில் போட்டிக்கு ஆளில்லை. ஹைட்ரஜன் தாராளமாக இருந்தால் அந்தச் சிறு வருமானத்திலேயே ஓர் உயிரினம் குடித்தனம் நடத்திவிடும். கைரெயில் இருப்பது இந்த நிலைமைதான். அதன் நீரை மட்டும் பார்த்தே, இங்கு வெப்பவிரும்பி மீத்தேனாக்கிகள் முன்னணியில் இருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். உண்மையில் கிடைத்ததும் அதுவே.

ஊற்றுகளைச் சூரியனின் தயவில்லாத உலகம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை. சல்ஃபைடை எரிக்கும் பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன் மேற்பரப்பின் ஒளிச்சேர்க்கையிலிருந்து வந்தது. பாறை தரும் ஹைட்ரஜனையும் கார்பன் டையாக்சைடையும் மட்டுமே உண்ணும் மீத்தேனாக்கிக்கே அந்தப் பெருமை பொருந்தும்.

கார்பனை உடலாக்கும் வழியிலும் இந்தப் பிரிவு தெரிகிறது. ஆக்சிஜன் அரிதான இடங்களில் சல்ஃபூரிமோனாஸ், சல்ஃபூரோவம் போன்ற கேம்பிலோபாக்டீரியா பின்னோக்கிய சிட்ரிக் அமிலச் சுழற்சியைப் பயன்படுத்துகின்றன. அதற்கு ஆற்றல் செலவு குறைவு, ஆனால் அதன் சில நொதிகள் ஆக்சிஜனைத் தாங்கா. ஆக்சிஜன் ஓரளவு கிடைக்கும் இடங்களில் காமாபுரோட்டியோபாக்டீரியா பலவும் தாவரங்களைப் போலக் கால்வின் சுழற்சியை நடத்துகின்றன.

படி 7: வளர்த்துப் பாருங்கள்

பொறுமையைச் சோதிக்கும் படி இது. மீத்தேனாக்கிகளுக்கான ஊடகத்தில் கடல்நீர் உப்புகள், சுவடு உலோகங்கள், வைட்டமின்கள் போதும். கரிம உணவு தேவையில்லை. ஊடகத்தைத் தடித்த கண்ணாடிக் குப்பியில் நிரப்பி, பியூட்டைல் ரப்பர் அடைப்பானால் மூடி, உள்ளிருக்கும் காற்றை அகற்றி, நான்கு பங்கு ஹைட்ரஜனுக்கு ஒரு பங்கு கார்பன் டையாக்சைடு என்ற கலவையை அழுத்தத்தோடு செலுத்துங்கள். ரெசாசூரின் சிறிதளவு சேர்த்திருந்தால் குப்பியே நிலவரத்தைச் சொல்லும். நீலமாகத் தொடங்கும் ஊடகம் இளஞ்சிவப்பாகி, சோடியம் சல்ஃபைடு சேர்த்ததும் நிறமிழக்கும். மீண்டும் லேசான இளஞ்சிவப்பு தென்பட்டால் எங்கோ ஆக்சிஜன் புகுந்திருக்கிறது. அந்தக் குப்பியை ஒதுக்கிவிடுங்கள்.

சுவர்த் துண்டின் உட்பகுதியை ஆக்சிஜனில்லாப் பெட்டிக்குள் பொடித்து, பத்து மடங்கு, நூறு மடங்கு என வரிசையாக நீர்த்து, 55, 70, 85, 95 டிகிரி என்று வெவ்வேறு வெப்பநிலைகளில் வையுங்கள். ஒவ்வொரு வெப்பநிலையிலும் மாதிரி சேர்க்காத ஒரு குப்பி உடனிருக்க வேண்டும். ஊடகம் கறுத்தால் வளர்ச்சி என்று மகிழ வேண்டாம். இரும்பும் சல்ஃபைடும் சேர்ந்தாலும் கறுக்கும். குப்பியின் மேல்வாயுவில் மீத்தேன் கூடுகிறதா, நுண்ணோக்கியில் செல்கள் பெருகுகின்றனவா என்ற இரண்டையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். மீத்தேனாக்கிகளிடம் உள்ள எஃப்420 என்னும் துணைநொதி, ஏறத்தாழ 420 நானோமீட்டர் ஒளி பட்டால் நீலப்பச்சையாக ஒளிரும் என்பதால், சாயமேற்றாமலேயே அவற்றை இனங்காணலாம். திட ஊடகம் வேண்டுமென்றால் அகரை விட்டுவிட்டு ஜெல்லான் பிசினைப் பயன்படுத்துங்கள். அகர் இந்தச் சூட்டில் இளகிவிடும்.

அழுத்தத்தை மறந்தால் என்ன இழப்போம் என்பதைக் கைரெயில் கிடைத்த மெத்தனோபைரஸ் காண்ட்லெரி என்னும் மீத்தேனாக்கியின் 116-ஆம் ரகம் காட்டியது. 2008-இல் கென் டகாய் குழுவினர் வெளியிட்ட முடிவுகளின்படி, வழக்கமான குறைந்த அழுத்தத்தில் அது 116 டிகிரி வரை வளர்ந்தது. 20 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் 122 டிகிரியிலும் பெருகியது. அதற்கு முன் 2003-இல் அறிவிக்கப்பட்ட, ரகம் 121 என்னும் வேறோர் ஊற்றுவாழ் நுண்ணுயிரின் எல்லை 121 டிகிரி. மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் அழுத்தக் கொதிகலனின் வழக்கமான வெப்பநிலை அதுவே. ஆகவே இந்த உயிர்கள் புழங்கும் ஆய்வகத்தில் வழக்கமான கிருமிநீக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

படி 8: டி.என்.ஏ. என்ன சொல்கிறது, என்ன சொல்லாது

வளர மறுப்பவையே அதிகம் என்பதால் 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் செல்களைப் பிடித்து டி.என்.ஏ.-வைப் பிரித்தெடுக்க வேண்டும். 16எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணு, இருப்பவரின் பெயரைச் சொல்லும். அவர் செய்யும் தொழிலைச் சொல்லாது. மீத்தேனாக்கத்துக்கும் சல்ஃபைடு ஆக்சிஜனேற்றத்துக்கும் கார்பன் நிலைநிறுத்தலுக்கும் உரிய மரபணுக்களைத் தனியே தேடுங்கள். சூடான ஊற்றுநீரில் செல்கள் மிகக் குறைவு. டி.என்.ஏ. பிரிக்கப் பயன்படும் வேதிப்பொருள் தொகுப்பில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் டி.என்.ஏ. கூட முடிவை நிறைத்துவிடும். மாதிரியில்லா வெற்றுச் சோதனையையும் சுற்றுப்புறக் கடல்நீரையும் சேர்த்து டி.என்.ஏ. வரிசையைப் படித்தறியாத ஆய்வை நான் நம்புவதில்லை.

படி 9: விலங்குகளோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்

விலங்குகளை இறுதிக்கு வைத்ததற்குக் காரணம், அவற்றின் உடலிலும் நீரின் வேதியியலே பதிவாகியிருக்கிறது. பசிபிக்கின் பெருங்குழாய்ப்புழுவுக்கு வாயோ குடலோ இல்லை. அதன் உடலில் கந்தகப் படிகங்கள் இருப்பதைக் கேட்டறிந்த கொலீன் கவனா, பாக்டீரியாதான் அதற்கு உணவளிக்க வேண்டும் என்று ஊகித்து 1981-இல் சான்றுகளோடு வெளியிட்டார். அப்போது அவர் ஹார்வர்டில் ஆய்வு மாணவி. அப்புழுவின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனையும் சல்ஃபைடையும் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனி இடங்களில் சுமக்கிறது.

கைரெயிலுள்ள செதிள்கால் நத்தை இன்னும் நேரடியான சான்று. அதன் காற்செதிள்கள் இரும்புச் சல்ஃபைடால் போர்த்தப்பட்டுக் கறுப்பாக இருக்கும். அதே இனம் வடக்கே சாலிட்டேர் ஊற்றுத்தொகுதியில் வெள்ளையாக இருக்கிறது. அங்குள்ள நீரில் இரும்பு மிகக் குறைவு. நத்தை கந்தகத்தைச் செதிளுக்குள் வெளியிடுகிறது, இரும்பு ஊற்றுநீரிலிருந்து வருகிறது என்பதை 2019-இல் வெளியான ஆய்வு விளக்கியது. உங்கள் ஐந்தாம் படிக் கணக்கில் இரும்பு குறைவு என்று வந்து, விலங்கின் மேல் இரும்புப் படிவம் கனமாக இருந்தால், கணக்கைத் திரும்பப் பாருங்கள். அநேகமாகக் குடுவையின் கரும்பொடியை விட்டிருப்பீர்கள்.

அந்த நத்தையை 2019-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. கடலடிச் சுரங்கமே அச்சுறுத்தலாகக் கூறப்பட்டது. பன்னாட்டுக் கடலடி ஆணையத்தோடு பல்உலோகச் சல்ஃபைடு தேடலுக்கு இந்தியா 2016-இல் செய்த ஒப்பந்தமும் இந்தியப் பெருங்கடலின் முகடுகளைப் பற்றியதே. ஆகவே நம் மாணவர்கள் அங்கு போகும் காலம் தொலைவில் இல்லை. போகும்போது, இயங்கும் போக்கியை அடியோடு உடைக்காமல் கைப்பிடி அளவு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு தொகுதியின் கருவிகளிலுள்ள சேற்றையும் உயிர்களையும் கழுவிய பிறகே அடுத்த தொகுதிக்குள் இறங்குங்கள். புதிய இனத்தை வளர்த்தெடுத்திருந்தால், பெயர் முறைப்படி ஏற்கப்பட அதன் உயிருள்ள வளர்ப்பை இரு வேறு நாடுகளிலுள்ள இரண்டு சேகரிப்பு மையங்களில் ஒப்படைக்க வேண்டும். மீத்தேனாக்கி அழுத்தத்தோடு வாயு நிரப்பிய குப்பியில்தான் பயணம் செய்யும் என்பதால், விமான அனுப்பீட்டு விதிகளை விசாரிக்கும் வேலையை முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.